ஆடி முடிந்த ஆட்டங்கள்

1858-இல் பாரிஸ் ஆபரா அரங்கின் தனி இருக்கைப் பகுதியில் ஒரு சதுரங்க ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் பால் மார்ஃபி, இருபத்தொரு வயது அமெரிக்க இளைஞர். எதிர்ப்பக்கம் ப்ரன்ஸ்விக் கோமகனும் இஸூவார் பிரபுவும், இருவரும் கலந்து பேசிக்கொண்டு ஆடினார்கள். பதினேழே நகர்வுகள். முடிவில் ராஜாவையும் சிப்பாய்களையும் விட்டால் மார்ஃபியிடம் மிஞ்சியவை ஒரு யானையும் ஒரு பிஷப்பும்தான். அவை இரண்டும் சேர்ந்து எதிரி ராஜாவை அது பிறந்த கட்டத்திலேயே மடக்கிவிட்டன.

சதுரங்கம் பயில்கிறவர்கள் அனேகமாக எல்லோரும் இந்த ஆட்டத்தைக் கடந்தே வந்திருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காலத்துக்கு இதில் தெரிந்தது பதினாறாவது நகர்வு: ராணியையே தூக்கிப் பலி கொடுத்த அந்தத் துணிச்சல். இதை மனப்பாடம் செய்துகொண்டவர்கள் தங்கள் ராணிகளையும் பலி கொடுத்துத் தோற்றார்கள். இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்க முடியும். தோற்ற தரப்பின் ராஜா பக்கத்து யானையும் பிஷப்பும் கடைசி வரை ஒரு கட்டம்கூட நகரவில்லை. மார்ஃபியின் காய்களோ ஒவ்வொன்றாக வெளியே வந்து வேலை செய்துவிட்டிருந்தன. பலி ஒரு விளைவுதான். அதைச் சாத்தியமாக்கியது அதற்கு முந்தைய, யாரும் கைதட்டாத நகர்வுகள்.

இந்த இரண்டாவது பார்வை வந்துசேர ஒரு தலைமுறையே தேவைப்பட்டது. பிராகில் பிறந்த வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் இளமையில் அதிரடித் தாக்குதல்காரர். ஆஸ்திரியாவின் மார்ஃபி என்று பெயர் வாங்கியவர். 1873 வியன்னாப் போட்டியை ஒட்டி அவர் ஆட்டம் மாறிற்று. 1885-இல் தாமே நடத்தத் தொடங்கிய சதுரங்கப் பத்திரிகையில் மார்ஃபியையும் அவர் காலத்து ஆட்டத்தையும் பரிசீலித்து எழுதினார். வழிபாட்டுத் தொனி அதில் இல்லை. தாக்குதல் என்பது மனநிலையோ மேதைமையின் உரிமையோ அல்ல, சிறு அனுகூலங்கள் சேர்ந்து ஒரு நிலை எய்திய பிறகே அதற்கு நியாயம் உண்டு என்பது அவர் கண்ட தர்க்கம். பின்னர் 1922-இல் ரிச்சர்ட் ரேட்டி, சதுரங்கத்தின் புதிய கருத்துகளைப் பற்றிய தமது நூலில், மார்ஃபியின் ரகசியம் காய்களை விரைந்து வெளிக்கொணரும் கொள்கையே என்று தெளிவுபடுத்தினார். மார்ஃபி ஆடிக்காட்டியதைச் சொல்லாக்க இப்படி வேறு சிலர் தேவைப்பட்டார்கள். படைப்புக்கும் விமர்சனத்துக்கும் உள்ள உறவு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் சொல்லாக்கியதோடு ஆபத்தும் தொடங்கிவிடுகிறது. ஸ்டைனிட்ஸின் கண்டுபிடிப்புகளை ஐரோப்பாவுக்குப் பாடமாக்கியவர் ஸீக்பெர்ட் டாராஷ். நூரம்பர்க்கில் மருத்துவத் தொழில் பார்த்தவர். 1895-இல் வெளியான தமது முந்நூறு ஆட்டங்களின் தொகுப்பிலும், 1912-இல் நவீன ஆட்டத்தைப் பற்றி எழுதிய நூலிலும் அவர் செய்த காரியம் பெரியது. மேதைகளின் அந்தரங்கமாக இருந்ததை எந்த மாணவனும் தொடக்கூடியதாக்கினார். அதற்கான விலை, பார்வை விதியாக இறுகியது. மையத்தில் சிப்பாயை நிறுத்து, மையத்தைக் கைவிடாதே, நெருக்கடியான நிலையை ஏற்காதே. எங்கிருந்து பிறந்தவை என்று கேட்காமலே இவற்றை ஒப்பிக்கும் ஒரு கூட்டமும் வளர்ந்தது.

ரீகாவில் பிறந்த ஆரன் நிம்ஸோவிச்சுக்கு டாராஷோடு இருந்த பகை கருத்து அளவில் நின்றதல்ல. 1904-இல் நூரம்பர்க்கில் இருவரும் ஆடியபோது, பத்து நகர்வுகள் ஆனதுமே இவ்வளவு நல்ல நிலை தமக்கு வாய்த்ததில்லை என்று டாராஷ் எல்லோர் முன்னும் சொன்னதாக நிம்ஸோவிச் எழுதியிருக்கிறார். ஆட்டம் சமனில் முடிந்தது, காயம் ஆறவில்லை. 1913-இல் வியன்னாச் சதுரங்க இதழில், டாராஷின் நவீனம் உண்மையில் நவீனமானதுதானா என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். ஃபிரெஞ்ச் தற்காப்பில் கறுப்பு தன் மையச் சிப்பாயை வெட்டுக்கு மாற்றிக்கொள்வதை டாராஷ் மையத்தைக் கைவிடுதலாகக் கண்டித்தார். சிப்பாய் போனாலும், திறந்துவிட்ட வரிசையில் யானை செலுத்தும் அழுத்தம் மையத்தின் மீதான ஆட்சிதான் என்றார் நிம்ஸோவிச். நிறுத்துவதும் ஆள்வதும் ஒன்றல்ல என்ற இந்த வேறுபாடு, 1925-இல் அவர் வெளியிடத் தொடங்கிய ‘என் முறை’ என்ற நூலின் அஸ்திவாரங்களில் ஒன்று.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டாராஷை அவருடைய சீடர்கள் எவரையும்விடக் கூர்ந்து வாசித்தவர் நிம்ஸோவிச்தான். மரபோடு சண்டையிட அதன் உள்ளே போயாக வேண்டும். வெளியே நின்று கல்லெறிவது சுலபம், அதனால் ஒன்றும் உடைவதில்லை.

டாராஷும் தம் விதிகளைவிடப் பெரியவராக இருந்தார். 1914-இல் பீட்டர்ஸ்பர்க்கில், இதே நிம்ஸோவிச்சுக்கு எதிராக, இரண்டு பிஷப்களையும் அடுத்தடுத்துப் பலி கொடுத்து ராஜாவின் அரணைப் பிளந்து வென்றார். அந்த ஆட்டத்துக்கு அழகுக்கான இரண்டாம் பரிசு கிடைத்தது. இந்த இரட்டைப் பலி புதிதல்ல. 1889-இல் ஆம்ஸ்டர்டாமில் இமானுவேல் லாஸ்கர், பாவருக்கு எதிராக இதையே செய்திருந்தார். ஆனால் இரவல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. லாஸ்கரின் வாய்ப்பு வேறொரு ஆட்டத்தில், வேறு காய்களுக்கு நடுவே, வெள்ளைக்கு வந்தது. இங்கே அது கறுப்புக்கு வருவதை அடையாளம் கண்டுகொள்ள வேண்டியிருந்தது. பழைய ஆட்டம் நினைவில் இருப்பது ஒன்று, அது எந்த நிமிஷம் உயிர் பெறுகிறது என்று அறிவது மற்றொன்று.

மேதையை வாசிப்பதில் இன்னும் கடுமையான ஒரு வகை உண்டு. 1927-க்கு முன் அலெக்ஸாண்டர் அலெகின் காபாப்ளாங்காவை ஒருமுறைகூட வென்றதில்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் போட்டியில் காபாப்ளாங்கா முதல், அலெகின் இரண்டாவது. பிழையே செய்யாத இயந்திரம் என்று உலகம் காபாப்ளாங்காவை வியந்துகொண்டிருந்தது. அலெகின் வியப்பை ஒதுக்கிவிட்டு அவருடைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளுணர்வின்மீது மிதமிஞ்சிய நம்பிக்கை, நல்ல நகர்வு ஒன்று தென்பட்டதும் அதற்குமேல் தேடாத சோம்பல் – இவற்றைக் கண்டார். ப்யூனஸ் அயர்ஸில் 34 ஆட்டங்கள் நீண்ட போட்டியில் ஆறு வெற்றி, மூன்று தோல்வி, 25 சமன் என்ற கணக்கில் பட்டம் கைமாறிற்று. வழிபாடு காண முடியாததை விமர்சனம் கண்டது. அதில் பொறாமையும் கலந்திருந்திருக்கலாம். பொறாமைக்காரன் சொன்னதாலேயே ஒரு உண்மை பொய்யாகிவிடாது.

இதற்கெல்லாம் மறுப்புப்போல ஒருவர் நிற்கிறார். பஞ்சாபிலிருந்து 1929-இல் லண்டன் வந்த சுல்தான் கான், சிப்பாய் முதல் அடியில் இரண்டு கட்டம் தாண்டாத இந்திய முறையில் பயின்றவர். ஐரோப்பிய ஆரம்ப ஆட்ட நூல்களின் பயிற்சி அவருக்கு இல்லை. வந்த ஆண்டே பிரிட்டிஷ் சாம்பியன். 1932-இலும் 1933-இலும் மறுபடி. 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காபாப்ளாங்காவையே வென்றார். அப்படியானால் மேதைகளின் ஆட்டங்களை வாசிப்பது எதற்கு?

நூல் பயிற்சி இல்லாததற்கு அவர் விலை கொடுத்தார். பிறர் அறிந்துவைத்திருந்த ஆரம்ப நிலைகளைத் தாமே பலகையில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பல ஆட்டங்களில் பின்தங்கித் தொடங்கி, நடு ஆட்டத்தில் மீண்டு வந்தார். நூல் தரக்கூடியது எது, தர முடியாதது எது என்ற எல்லைக்கோட்டை இவ்வளவு துலக்கமாகக் காட்டியவர் வேறொருவர் இல்லை. 1933-இன் இறுதியில் இந்தியா திரும்பினார், 1966-இல் காலமானார். உலகச் சதுரங்க அமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024-இல். பட்டம் தாமதமாகலாம். ஆட்டங்கள் அச்சில் இருக்கின்றன, அவை யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

பழைய ஆட்டங்களைப் படிக்க ஒரு எளிய வழி வழக்கில் உண்டு. அடுத்த நகர்வை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு, நாமாக இருந்தால் என்ன ஆடுவோம் என்று முதலில் முடிவு செய்வது. பிறகு அட்டையை விலக்குவது. நம் நகர்வும் மேதையின் நகர்வும் ஒன்றாக இருந்தால் சந்தோஷம், கற்றது குறைவு. வேறாக இருக்கும்போதுதான் கற்பது தொடங்குகிறது. ஆனால் அதற்கு நாம் முதலில் ஒரு நகர்வைத் தேர்ந்திருக்க வேண்டும். அட்டை வைக்காமலே பக்கத்தைப் புரட்டுகிறவன் எத்தனை ஆட்டம் படித்தாலும் பார்வையாளனாகவே இருந்துவிடுகிறான்.