முதுகு வலியும் மெக்கன்சி முறையும்

முதுகு வலிக்குக் குனியும் பயிற்சி நல்லதா, பின்னோக்கி வளையும் பயிற்சி நல்லதா என்பது இயன்முறை மருத்துவத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் கேள்வி. அமெரிக்க எலும்பு மருத்துவர் பால் வில்லியம்ஸ் 1937-இல் வெளியிட்ட பயிற்சிகள் குனிவதையே வலியுறுத்தின. கீழ்முதுகின் உள்வளைவு மிகுவதே வலிக்குக் காரணம் என்று அவர் கருதினார். மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்போடு அணைத்தல், வயிற்றுத் தசைகளை இறுக்கிக் கீழ்முதுகைத் தரையோடு அழுத்துதல் போன்றவை அவ்வளைவைக் குறைப்பதற்கானவை. முதுகைப் பின்னோக்கி வளைப்பது தீங்கு என்ற எண்ணமும் இதனோடு பரவியது.

1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கன்சி (1931–2013) என்ற இளம் இயன்முறை மருத்துவரிடம் ஒருவர் சிகிச்சை பெற்றுவந்தார். முதுகிலிருந்து வலி முழங்கால் வரை இறங்கியிருந்தது. மூன்று வாரமாகியும் குறையவில்லை. ஒருநாள் அவரைக் குப்புறப் படுத்திருக்கச் சொன்னார் மெக்கன்சி. முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்தது. அதை அறியாமல் அவர் முதுகு பின்னோக்கி வளைய, ஏறக்குறைய புஜங்காசன நிலையில் படுத்துக்கிடந்தார். சில நிமிடங்களில் திரும்பிவந்த மெக்கன்சி திடுக்கிட்டார். நோயாளியோ கால்வலி போய்விட்டது, முதுகின் நடுவில் மட்டும் வலி இருக்கிறது என்றார்.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிடாமல் மறுநாளும் அதே நிலையில் படுக்கவைத்துப் பார்த்ததுதான் மெக்கன்சியின் பெருமை. எஞ்சிய வலியும் நீங்கியது. காலில் பரவிய வலி முதுகுத்தண்டை நோக்கிப் பின்வாங்குவதை அவர் 'மையப்படுதல்' என்றார். அது நல்ல அறிகுறி. வலி மேலும் கீழே இறங்கினால் அந்த அசைவை நிறுத்த வேண்டும்.

மெக்கன்சி முறை என்றாலே முதுகைப் பின்னோக்கி வளைப்பது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஒரே அசைவைப் பலமுறை செய்யவைத்து, எத்திசையில் வலி மையப்படுகிறது என்று கண்டறிவதே இதன் அடிப்படை. சிலருக்கு அது குனிவதாகவும் இருக்கலாம். கூன்போட்டு நெடுநேரம் உட்காருவதையும் அவர் வலிக்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதினார். நோயாளி தம் முதுகைத் தாமே பேணக் கற்க வேண்டும் என்பதற்காக 1980-இல் பொதுமக்களுக்கென ஒரு நூலும், அடுத்த ஆண்டு மருத்துவர்களுக்கென ஒரு நூலும் எழுதினார்.

2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 312 பேரைச் சோதித்தபோது 230 பேருக்கு இவ்வாறு வலி குறையும் ஒரு திசை இருந்தது. அத்திசையில் பயிற்சி செய்தவர்கள், எதிர்த்திசையில் செய்தவர்களைவிட நன்றாகத் தேறினர். ஆயினும் எல்லா முதுகு வலிக்கும் இதுவே பிற பயிற்சிகளைவிடப் பெரிதும் சிறந்தது என்று ஆய்வுகள் காட்டவில்லை.