எழுத்துருவும் கருவியும்: இணையத் தமிழ் கடந்து வந்த வழி



தமிழ்ப்பள்ளிகளில் பழைய ஆண்டிதழ்களைத் தேடுவோர் ஒரு விந்தையைக் காண்பதுண்டு. 1990களின் இறுதியில் தட்டச்சு செய்த கோப்பு ஒன்று எப்படியோ நெகிழ்வட்டிலிருந்து தப்பிப் பிழைத்து இன்றைய கணினிக்கு வந்து சேர்ந்திருக்கும். திறந்தால் திறக்கும். ஆனால் திரையில் தெரிவது தமிழாக இராது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மேற்கோள் குறிகளும் கலந்து கிடக்கும். தலைமையாசிரியரின் வாழ்த்துரையும் ஆறாம் ஆண்டு மாணவி எழுதிய கவிதையும் அந்தக் குவியலுக்குள்தான் இருக்கின்றன. கோப்பு கெட்டுவிடவில்லை, அதைத் திறந்து படிக்கும் சாவிதான் தொலைந்துவிட்டது.

இஃது ஏதோ ஒரு பள்ளியின் சிக்கலன்று. இணையத்தில் தமிழ் இதழ் நடத்திய பலரும் இந்தச் சாவியோடு மல்லாடியவர்களே. மின்னூடக வரலாற்றைப் பேசும்போது இதழாசிரியர்களையும் எழுத்தாளர்களையும் முன்னிறுத்துகிறோம். அது முறையே. ஆயினும் எந்த எழுத்து இன்றுவரை படிக்கக் கிடைக்கிறது, எது யாருக்கும் புரியாத குறிகளாய் முடிந்தது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தவை அவ்வக்காலத்துக் கருவிகளும், அவற்றிற்கு ஏற்பப் பதிப்பாளர்கள் தேர்ந்துகொண்ட எழுத்துக் குறியீடுகளுமே என்பது என் எண்ணம். இவ்வரலாற்றின் தொடக்கப் பக்கங்கள் சில கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் எழுதப்பட்டவை. ஆகவே நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும் கடமை நமக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு.

256 இடங்கள்

கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். அக்காலக் கணினியில் ஓர் எழுத்துருவுக்குக் கிடைத்த இடங்கள் 256. அவற்றுள் முதல் 128 இடங்களை ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் பிடித்துக்கொண்டன. எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழின் 247 எழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் எப்படி அடக்குவது? கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாக வைத்துச் சேர்த்துக் காட்டுவதே வழியாயிற்று. உகர, ஊகார வரிசைகள் மட்டும் அப்படித் துண்டாட வளைந்து கொடுக்கவில்லை. கு, சு, து மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன அல்லவா? அவற்றிற்கு மட்டும் 36 இடங்களைத் தனியே ஒதுக்க வேண்டியதாயிற்று.

இதில் எந்த எழுத்தை எந்த இடத்தில் வைப்பது என்பது வடிவமைப்பாளரின் விருப்பம். ஒருவர் ககரத்தை வைத்த இடத்தில் இன்னொருவர் ழகரத்தை வைத்தார். வேறு சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை அமர்த்தினர். ஈழத்தமிழரிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு அவ்வகையைச் சேர்ந்தது. அதில் ‘தமிழ்’ என்று அடித்த சொல், பாமினி இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். மேலே சொன்ன ஆண்டிதழ்க் கோப்பின் மருமமும் இத்தகையதே.

நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய ‘முரசு’ மென்பொருள் பின்னர் ‘முரசு அஞ்சல்’ என வளர்ந்தது. ஆங்கில விசைகளின் ஒலியைக் கொண்டே தமிழை அடிக்கும் முறையை அது பரப்பியது. சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்னும் முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய தளம் ஒன்றை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். இணையத்தில் தமிழ் எழுத்தைத் தாங்கிய மிக முற்பட்ட தளங்களுள் அஃதும் ஒன்று. அதன் தமிழ்ப் பகுதிக்கு உழைத்தவர் கோவிந்தசாமி. ‘இணையம்’ என்னும் சொல்லை நமக்குத் தந்தவரும் அவரே என்பர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியவர், 1999இல் காலமானார். கவிதைக்கென ஒரு தளம் அமைத்துத் தமிழை இணையத்தில் ஏற்றியவரும் ஓர் ஆசிரியரே என்பதை நம் ஆசிரியர்கள் பலர் அறிந்திலர். எனக்கு அது பெருங்குறையாகவே படுகிறது.

ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சாவி

1990களின் இறுதியில் தமிழகத்து முன்னணி இதழ்கள் இணையத்துக்கு வந்தபோது ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவோடு வந்தது. ஓர் இதழைப் படிக்க ஓர் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த இதழுக்கு வேறொன்று. வாசகர் தம் இதழை விட்டு அகலார் என்று பதிப்பாளர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் தேடுபொறியும் அவர்கள் வாசலுக்குள் நுழைய முடியவில்லை. அன்று வெளிவந்த எத்தனையோ நல்ல கட்டுரைகள், தேடினால் கிடைக்காதவையாகவே இருந்து மறைந்தன.

இடையில் ஒரு மாற்று வழி வந்தது. பக்கத்தோடு எழுத்துருவும் தானே வந்து இறங்கும் ஏற்பாடு அது. 1997இல் வந்த நெட்ஸ்கேப் உலாவி ஒரு முறையைக் கொண்டது. அதே ஆண்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வேறொரு முறையைக் கொண்டது. ஒன்றில் தெரிந்த பக்கம் மற்றொன்றில் தெரியாது. 2000இல் வெளிவந்த நெட்ஸ்கேப் 6 தன் பழைய முறையையே கைவிட்டது. அதை நம்பிப் பக்கம் அமைத்தவர்கள் நடுத்தெருவில் நின்றனர். மென்பொருள் நிறுவனங்கள் இரண்டின் போட்டியில் தமிழ் வாசகர் எவரும் கலந்துகொள்ளவில்லை. இழப்பில் மட்டும் பங்கு கிடைத்தது.

பொதுக் குறியீடு காணும் முயற்சிகளும் ஒற்றுமையாக நடக்கவில்லை. உலகெங்கும் சிதறியிருந்த ஆர்வலர்கள் மின்மடல் வழியே கூடிப் பேசித் ‘திஸ்கி’யை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியீடுகளையும் ‘தமிழ்99’ விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001இல் இணைய மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. மாநாடுகளுக்குக் குறைவில்லை. இதற்கிடையில் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்த ஒருங்குறி ஓசையின்றிக் காத்திருந்தது. அதற்குத் தேவைப்பட்டது அதை அறிந்த கருவி. 2000ஆம் ஆண்டின் விண்டோஸ் இயங்குதளம் ‘லதா’ எழுத்துருவுடன் வந்த பிறகே பொதுமக்களின் கணினியில் ஒருங்குறித் தமிழுக்கு வழி பிறந்தது.

ஒருங்குறியில் எல்லா எழுத்துக்கும் தனி இடம் இல்லையே என்ற மனக்குறை தமிழறிஞர்களிடம் நெடுநாள் இருந்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு, 16 பிட் அனைத்தெழுத்து முறையையும் ஏற்றது. வாதத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் உலகக் கருவிகள் அதற்குள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன.

இந்தக் குழப்பத்தையெல்லாம் கடந்து நின்ற பதிப்பகம் எது என்று கேட்டால் மதுரைத் திட்டத்தைக் காட்டுவேன். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய இத்தன்னார்வ முயற்சியைச் சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்குவதே நோக்கம். அவர்களும் தொடக்கத்தில் பழைய எழுத்துருக்களையே நம்பியிருந்தனர். ஆனால் குறியீடு மாறியபோது நூல்களையும் மாற்றினர். திஸ்கிக்கு, பின்னர் ஒருங்குறிக்கு. இது சொல்வதற்கு எளிது. திஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, கொம்பு, ககரம், கால் எனச் சேமிக்கப்படும். ஒருங்குறியிலோ ககரம் முதலில் நிற்கும். உயிர்க்குறி பின்னால் வரும். ஆகவே எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது. வரிசையையும் திருப்ப வேண்டும். சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ போன்ற மாற்றிகள் இவ்வேலையைச் செய்தன. நம் பள்ளிகளின் பழைய கோப்புகளுக்கும் இன்னமும் அவ்வழி திறந்தே இருக்கிறது. ஆனால் கோப்பு எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்று அறிந்தவர் ஒருவர் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். அத்தகையோர் பலர் இன்று பணி ஓய்வு பெற்றுவிட்டனர்.

கைக்குள் வந்த திரை

கணினியில் ஒருவாறு அமைதி கண்ட வேளையில் கைப்பேசி வந்து எல்லாவற்றையும் மீண்டும் தொடக்கத்துக்குக் கொண்டுபோனது.

குறுஞ்செய்தியையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள். ஒருங்குறியில் அனுப்பினால் 70 மட்டுமே. அதிலும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். ‘வணக்கம்’ நமக்கு ஐந்தெழுத்து, கைப்பேசிக்கு ஏழு. தமிழில் எழுதினால் செலவு கூடும் என்பதைப் பிள்ளைகள் விரைவில் கண்டுகொண்டனர். அவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகியதற்குச் சோம்பல் ஒன்றே காரணம் என்று நாம் கடிந்துகொண்டோம். கருவியும் கட்டணமும் அவர்களை அவ்வழியில் தள்ளின என்பதை யாரும் அப்போது எடுத்துச் சொல்லவில்லை.

அந்நிலையில் 2005 பொங்கலன்று, முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ சிங்கப்பூரின் ஒலி 96.8 வானொலியோடு இணைந்து வெளியீடு கண்டது. எண்விசைகள் கொண்ட சிறிய கைப்பேசியில் தமிழில் எழுதி அனுப்ப முடிந்தது. நம்மவர் ஒருவர் செய்த வேலை இது. ஐபோன் 2007இல் வெளிவந்தபோது அதில் தமிழ் விசைப்பலகை இல்லை. 2013இல் வந்த ஐஓஎஸ் 7தான் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டையும் உள்ளேயே கொண்டு வந்தது. அதாவது, கோலாலம்பூரில் உருவான ஒரு தட்டச்சு முறை கலிபோர்னியாவின் கைப்பேசிக்குள் இடம்பெற நெடுங்காலம் ஆயிற்று.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் தொடக்கக் காலத்தை நினைவிருப்பவர்கள் கட்டங்களையும் நினைவில் வைத்திருப்பார்கள். தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்தால் வரிசை வரிசையாய் வெறுங்கட்டங்கள். ஒப்பேரா மினி உலாவியில் ஓர் அமைப்பை மாற்றினால் அதன் வழங்கி எழுத்தைப் படமாக்கி அனுப்பும். அப்போது தமிழ் தெரியும். இந்த உத்தி வாய்மொழியாகவே பரவியது. எழுத்தைப் படிக்க அதைப் படமாக்க வேண்டியிருந்த விந்தைக் காலம் அது! 2012 இறுதியில் நம் நாட்டில் தொடங்கிய ‘செல்லியல்’ செய்தி ஊடகம் கைப்பேசிச் செயலியாகவும் வந்ததை இப்பின்னணியில் காண வேண்டும். செய்தி வெளியிடுவோரே எழுத்துக்கும் வழி அமைத்துக்கொண்டனர்.

மின்னூலின் கதையும் இதுவே. அமேசானின் கிண்டில் 2007இல் வந்தது. தமிழ் நூல்களுக்கு அது முறைப்படி இடமளித்தது 2016இல். இடைப்பட்ட ஆண்டுகளில், 2013இல் தொடங்கிய ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ குழுவினர் தம் நூல்களை மற்ற வடிவங்களோடு ஆறங்குலப் பக்கமாகவும் வெளியிட்டனர். ஏன் ஆறங்குலம்? படிப்பானின் திரையளவு அதுதான். அக்கருவிகளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாததால், முன்கூட்டியே கோத்த பக்கத்தைத் திரைக்கு அளவாக வெட்டிக் கொடுத்தனர். பதிப்பாளர் தாளின் அளவை அச்சகத்தோடு பேசி முடிவு செய்த காலம் போய், வெளிநாட்டுக் கருவி ஒன்றின் கண்ணாடி அதை முடிவு செய்தது.

2018 பிப்ரவரியில் கூகுளின் விளம்பரச் சேவை தமிழை ஏற்றது. அதன்பின் தமிழில் எழுதிப் பொருளீட்ட ஒரு வழி பிறந்தது. வருவாய் வந்தது நன்றே. ஆனால் வருவாய் பார்வைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பார்வை தலைப்பைப் பொறுத்தது. தலைப்பு பெருத்தது, செய்தி இளைத்தது. கைப்பேசித் திரையில் முதலில் தெரிவது அந்தத் தலைப்பு மட்டுமே. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனது. நம் பெற்றோர்களில் பலர் அன்றாடச் செய்திக்குக் கைப்பேசியையே நம்பத் தொடங்கிவிட்டிருந்த காலம் அது.

சிங்கப்பூரில் ஒரு நல்ல செயல் நடந்தது. அந்நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல், 50 ஆண்டுத் தமிழ் இலக்கிய நூல்களில் 350க்கும் மேற்பட்டவற்றை மின்வடிவாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தனர். சமூகமும் அரசு அமைப்புகளும் கைகோத்துச் செய்த வேலை. நம் தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டிதழ்களை எண்ணிப் பார்க்கிறேன். ஒரு தோட்டம் மூடப்பட்டதும், பள்ளி இடம் மாறியதும், முதன்முதலில் கணினி அறை திறந்ததும் அவற்றில்தான் பதிவாகியிருக்கின்றன. அச்சுப்படி கரையானுக்குப் போனால் எஞ்சுவது அந்தப் புரியாத கோப்பு ஒன்றே.

இப்போது கருவி மீண்டும் மாறிக்கொண்டிருக்கிறது. 2017 முதல் கூகுளின் பேச்சுவழித் தட்டச்சு தமிழையும் கேட்டு எழுதுகிறது. இதுவரை வந்த விசைப்பலகைகளில் பல ஒரு வேலையைப் பிள்ளையிடமே விட்டிருந்தன: லகரமா, ளகரமா, ழகரமா என்று அவனே தேர வேண்டும். பேச்சைக் கேட்டு எழுதும் கருவி அத்தேர்வைத் தானே செய்துவிடுகிறது. பெரும்பாலும் சரியாகவும் செய்கிறது. ஒலிப்பில் வேறுபாடு காட்டாத பிள்ளை ‘பல்லி’ என்று சொல்லிப் ‘பள்ளி’யைப் பெறும்போது, கருவி கேட்டது அவன் ஒலியையன்று, முன்பின் சொற்களை. வீட்டுப்பாடக் கட்டுரையில் எழுத்துப்பிழை குறைந்திருப்பதைப் பெற்றோர் மகிழ்ச்சியோடு காட்டுகின்றனர். அதே பிள்ளைக்கு மறுநாள் வகுப்பில் சொல்வதெழுதுதல் வைத்தால், குறிப்பேட்டில் பல்லிதான் ஓடுகிறது.