ஒளியுணரியில் உறையும் மின்னூட்டம்

சிலிக்கான் ஒளியுணரியின் இழப்பு வாசற்படியிலேயே தொடங்கிவிடுகிறது. மெருகேற்றிய சிலிக்கான், தன்மேல் விழும் கட்புலன் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். புற ஊதாவில் இழப்பு இன்னும் மிகுதி. உள்ளே நுழைந்த ஒளி எலெக்ட்ரானையும், அது விட்டுச்சென்ற வெற்றிடமான மின்துளையையும் விடுவிக்கிறது. அவை மீண்டும் கூடி மறைவதற்குள் இரண்டையும் பிரித்தெடுத்தால்தான் மின்னோட்டம். பிரிக்கும் சந்தியை உண்டாக்க, போரான் போன்ற வேற்றணுக்களைச் செறிவாகப் புகுத்துவது வழக்கம். அந்தச் செறிவே மேற்பரப்பை ஒட்டி ஒரு செயலற்ற அடுக்கை ஏற்படுத்திவிடுகிறது. புற ஊதா ஒளியோ சில நானோமீட்டர் ஆழத்திலேயே உறிஞ்சப்படுவது. அதன் பெரும்பகுதி அங்கேயே வீணாகிறது.

வேற்றணு புகுத்தாமலே சந்தி அமைக்க வழியுண்டு. சிலிக்கான் மீது படியும் ஆக்சைடுப் படலத்தில் நகராத மின்னூட்டம் தங்கிவிடும். டிரான்சிஸ்டர் செய்வோருக்கு அது பெரும் தொல்லை. அதே மின்னூட்டத்தால் சந்தி அமைத்துப் புற ஊதா உணரி செய்யலாம் என்று 1978இல் ஹான்சென் என்ற ஆய்வாளர் எழுதினார். தொல்லையைக் கருவியாக்கிய அந்தப் பார்வையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அவ்வழியை நெடுந்தூரம் கொண்டுசென்றவர்கள் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஹெலே சாவின் தலைமையிலான குழுவினர். அவர்கள் எடுத்துக்கொண்டது கருஞ்சிலிக்கான். நுண்ணூசிகள் அடர்ந்த அதன் பரப்பு ஒளியை ஏறத்தாழ முழுவதும் விழுங்கிவிடும். ஆனால் ஊசிகளால் பரப்பு பெருகப் பெருக, எலெக்ட்ரானும் மின்துளையும் கூடி அழியும் இடங்களும் பெருகும். கருஞ்சிலிக்கானை நெடுங்காலம் பயனுக்குக் கொண்டுவர விடாமல் தடுத்தது இதுவே.

அந்த ஊசிகளின்மேல் அலுமினா என்னும் அலுமினிய ஆக்சைடைப் பூசினார்கள். பின்லாந்தில் 1974இல் துவோமோ சுந்தோலா உருவாக்கிய அணுப்படலப் படிவு முறை, ஊசியின் நுனியிலும் அடியிலும் ஒரே சீராகப் படலத்தை வளர்க்கும். அலுமினாவில் உறைந்திருப்பது எதிர்மின்னூட்டம். அது எலெக்ட்ரான் மிகுந்த என்-வகைச் சிலிக்கானின் எலெக்ட்ரான்களை விலக்கி, மின்துளைகளை மேற்பரப்புக்கு இழுக்கிறது. மேலடுக்கு மின்துளை மிகுந்த பி-வகைபோல மாறிவிட, சந்தி தானே அமைகிறது. எலெக்ட்ரான்கள் மேற்பரப்பை அண்டாததால் அங்கு நிகழும் அழிவும் குறைகிறது. ஒரே படலம் சந்தியாகவும் காவலாகவும் நிற்கிறது!

2016இல் வெளியான முடிவின்படி, 250 முதல் 950 நானோமீட்டர் வரை இவ்வுணரியின் திறன், அதாவது விழும் ஒளித்துகள்களுக்கு ஈடாக மின்னோட்டத்தில் சேரும் எலெக்ட்ரான்களின் விகிதம், 96 விழுக்காட்டுக்கு மேல். கைக்கடிகார நாடி உணரிக்கு இத்தகைய உணரி வாய்த்தால், அதன் விளக்கின் ஒளியைக் குறைத்து மின்கலத்தைச் சேமிக்கலாம்.

அக்குழு அங்கும் நிற்கவில்லை. சிலிக்கானில் ஓர் எலெக்ட்ரான்-மின்துளை இணையை விடுவிக்க 1.12 எலெக்ட்ரான் வோல்ட் போதும். புற ஊதா ஒளித்துகளிடம் அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு ஆற்றல் உண்டு. இழப்பு அடைக்கப்பட்டபின், ஒரு துகளே ஒன்றுக்கு மேற்பட்ட இணைகளைத் தருவது வெளியே தெரிந்தது. 2020இல் அக்குழு புற ஊதாவில் அளந்த திறன் 130 விழுக்காட்டைத் தாண்டியது.