ஆய்வாளர் முதல் கருத்தாளர் வரை: பழைய பல்லடம் வட்டத்திலிருந்து ஒரு பார்வை

பல்லடம் வட்டாரத்தில் நடந்த பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஒருநாள் முழுக்கப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தொடுதிரைப் பலகையை வகுப்பில் பயன்படுத்துவதுதான் அன்றைய பொருள். கருத்தாளராக வந்திருந்தவர் பக்கத்து ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் ஆசிரியர். காலையிலிருந்து திரையில் பக்கம் பக்கமாக ஓடியது. ஒரு கேள்வி எழவில்லை. மாலையில் வருகைப் பதிவேட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பாதிப் பேர் பேருந்துக்குக் கிளம்பிய பிறகு, மூத்த ஆசிரியை ஒருவர் கைப்பையைத் தோளில் மாட்டியபடியே கருத்தாளரிடம் வந்தார். "ஏனுங்க சார், பாடம் நடத்தீட்டு இருக்கறப்ப கரண்ட் போயிட்டு வந்தா, மறுக்கா முதல்ல இருந்து ஆரம்பிக்கோணுமுங்களா?" அடுத்த இருபது நிமிடத்தில் அந்த அறையில் நடந்ததுதான் அன்றைய உண்மையான பயிற்சி.

பள்ளிக்கு வந்து சேர்ந்த கருவிகளைப் பற்றி நம்மிடம் அரசாணைகளும் எண்ணிக்கைகளும் நிறைய இருக்கின்றன. அந்தக் கருவியை அடுத்த ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவசாலிகளைப் பற்றிய பதிவுகள் சிதறிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வி அவர்களுக்குக் காலத்துக்கொரு பெயர் வைத்தது: ஆய்வாளர், பயிற்றுநர், கருத்தாளர். இந்தப் பெயர்களின் வழியே போனால் ஒரு செய்தி தெளிவாகிறது. யோசனை சொல்ல வருபவரின் கையில் குறை எழுதும் நோட்டு இருந்த காலங்களில் கருவி அலமாரிக்குள்ளேயே இருந்தது. நோட்டு இல்லாமல் அவர் வந்த சிறு இடைவெளிகளில்தான் கருவி வகுப்பறையில் வேரூன்றியது.

பல்லடத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இன்று இது திருப்பூர் மாவட்டத்தில் விசைத்தறிக்கும் கறிக்கோழிக்கும் பெயர்பெற்ற ஊர். 2009இல் திருப்பூர் தனி மாவட்டமாகும்வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பழைய பல்லடம் வட்டமோ திருப்பூரையும் சூலூரையும் உள்ளடக்கிய பெரும்பரப்பு. கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடுவும், திருப்பூரில் 1903இல் பிறந்த தி.சு. அவிநாசிலிங்கமும் இந்த மண்ணுக்காரர்கள். முதலாமவர் தொழில்நுட்பக் கல்வியைக் குறுகிய காலத்தில், கைவேலையோடு கற்றுத்தர முடியும் என்று வாதாடியவர். இரண்டாமவர் பள்ளி ஆசிரியரின் வேலையையே மாற்ற முயன்றவர். இக்கட்டுரைக்கு வேண்டியவர் இரண்டாமவர்.

அவருக்கு முந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தன் இல்லத்திலும் அதைக் கொண்டுவர விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறையை நினைவூட்டும் இந்த ஏற்பாடு, 1797இல் பெல் வெளியிட்ட சிறுநூலின் வழியாக 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுதும் பரவியது. மணல் அப்போதே பழைய கருவிதான். அதைக் கையாளத் தெரிந்த திண்ணை வாத்தியாரை யாரும் அழைத்து யோசனை கேட்டதாகத் தெரியவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும் இந்தப் பழக்கம் பிறகும் நம்மைத் தொடர்ந்தது.

1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கைக்குப் பின் சென்னை மாகாணத்தில் பொதுக்கல்வித் துறை அமைந்தது. பள்ளிகளைப் பார்வையிட ஆய்வாளர்கள் வந்தார்கள். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆய்வாளர் நடத்தும் தேர்வில் பிள்ளைகள் எப்படித் தேறுகிறார்கள் என்பதைப் பொறுத்து மானியம் கிடைத்தது. தன் பிழைப்பு யாருடைய பேனாவில் இருக்கிறதோ அவரிடம் எந்த ஆசிரியரும் "எனக்கு இது தெரியவில்லை" என்று சொல்ல மாட்டார். ஆய்வு நாளுக்குச் சுவரில் சுண்ணாம்பு அடிப்பதும், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைப்பதும் இந்த அச்சத்தின் பிள்ளைகள்.

அவிநாசிலிங்கம் 1930இல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். அது பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்தது. 1934இல் காந்தியடிகள் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்தின் நடுவில் ஒரு கருவி இருந்தது: கையால் நூல் நூற்கும் தக்ளி. நூற்பின் வழியே கணக்கும் அறிவியலும் பூகோளமும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது கொள்கை. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது அவிநாசிலிங்கம் இதை முனைந்து பரப்பினார். நெசவு தெரிந்த கொங்குக் கிராமங்களில் தக்ளி அந்நியப் பொருளல்ல. இருந்தும் நூல் நூற்கத் தெரிவது வேறு, நூற்கும்போதே பின்னக் கணக்கைப் புரியவைக்கத் தெரிவது வேறு. பின்னதைக் கூட இருந்து காட்டக்கூடிய ஆசிரியர்கள் மிகக் குறைவு. பல பள்ளிகளில் தக்ளி ஒரு கைவேலைப் பாடவேளையாகச் சுருங்கியதற்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

வித்யாலயம் 1950இல் ஆசிரியர் கல்லூரியும் தொடங்கியது. வித்யாலயப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த பெரியசாமித் தூரன், பின்னர் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மைப் பதிப்பாசிரியர் ஆனார். அறிவியல் செய்திகளைத் தமிழில், பிள்ளைகளுக்கும் எட்டும்படி தொகுக்கும் பெரும்பணியை வகுப்பறையில் நின்று பழகிய ஒருவரிடம் கொடுத்தார்கள். நம் கல்வி வரலாற்றில் அது அரிதாக எடுக்கப்பட்ட நல்ல முடிவு.

ஆலோசனையையும் ஆய்வையும் பிரித்துப் பார்க்கத் துணிந்த முதல் பெரிய ஆவணம் 1952–53இன் இடைநிலைக் கல்விக் குழு அறிக்கை. குழுவின் தலைவர் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார். அது ஆய்வாளரைக் கல்வி ஆலோசகர் என்று அழைப்பதே பொருத்தம் என்றது. ஒவ்வொரு பள்ளியின் சிக்கலையும் தனித்தனியே ஆராய்ந்து, அதைத் தீர்க்க உதவுவது அவர் வேலை என்றது. இவ்வளவோடு நிற்கவில்லை. கல்வி சார்ந்த ஆய்வுக்கு ஆய்வாளர் தனியாகப் போகக் கூடாது, மூத்த ஆசிரியர்கள் அல்லது தலைமையாசிரியர்கள் மூவர் உடன் செல்ல வேண்டும், இரண்டு மூன்று நாள் பள்ளியிலேயே தங்கி ஆசிரியர்களோடு நூலகம், ஆய்வகம், பாடத்திட்டம், விடுமுறைப் பயன்பாடு என எல்லாவற்றையும் பேச வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அந்த 'இரண்டு மூன்று நாள்' என்ற சொல்லில்தான் பரிந்துரையின் உயிர் இருக்கிறது. ஒருநாளில் பதிவேடுகளைத்தான் பார்க்க முடியும். இரண்டாம் நாள்தான் ஆய்வகத்தில் திறக்கப்படாத பெட்டி கண்ணில் படும். மூன்றாம் நாள்தான் அதை ஏன் திறக்கவில்லை என்று ஆசிரியர் வாய்விட்டுச் சொல்வார். உயர்நிலை, மேனிலைப் பள்ளிகளின் ஆண்டாய்வுக் குழுவில் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர்களும் பாட ஆசிரியர்களும் இடம்பெறும் வழக்கம் இங்கே நிலைத்தது. தங்கிப் பேசும் நாள்கள் நிலைக்கவில்லை.

1955இல் அமைந்த அகில இந்திய இடைநிலைக் கல்விக் கவுன்சில், ஆசிரியர் கல்லூரிகளில் விரிவாக்கப் பணித் துறைகளைத் தொடங்கிவைத்தது. பயிற்சிக் கல்லூரி தன் சுவரைத் தாண்டிப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். தமிழ்நாட்டில் அதே காலத்தில் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊராரைப் பள்ளிக்குள் அழைத்துவந்தன. தலைமையாசிரியர் ஊரில் பேச்சு எடுபடும் தலைவரானார். 1964–66இன் கோத்தாரி குழு இன்னும் ஒருபடி சென்று, நிர்வாகமும் கல்வி வழிகாட்டலும் வேறு வேறு கைகளில் இருக்க வேண்டும் என்றது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் ஒரு தொகுப்பாகச் சேர்ந்து ஒன்றுக்கொன்று உதவலாம் என்றது. இன்றைய குறுவளமையத்தின் மூலக்கரு அங்கே இருக்கிறது.

கணினி 1984–85இல் வந்தது. 'கிளாஸ்' என்று அழைக்கப்பட்ட நடுவண் அரசுத் திட்டம் முதற்கட்டமாக நாட்டில் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. அதே கணினி பிரிட்டனில் பள்ளிகளுக்குள் நுழைந்தபோது, அதற்குச் சற்று முன்பே 1980இல் தொடங்கிய நுண்மின்னணுக் கல்வித் திட்டம் 14 வட்டார மையங்களை அமைத்திருந்தது. அங்கே ஆசிரியர்களே ஆசிரியர்களுக்குப் பாடமென்பொருள் எழுதினார்கள், தேடிக் கொடுத்தார்கள். இந்தியாவில் வளமையங்கள் பெரும்பாலும் பொறியியல் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்தன. யோசனை சொன்னவர்களுக்குக் கணினி தெரியும், ஏழாம் வகுப்பு தெரியாது. மென்பொருளோ ஆங்கிலத்தில்.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இந்த இடைவெளியை அடைக்க முயன்றது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒவ்வொன்றிலும் ஏழு பிரிவுகள்; அவற்றுள் ஒன்று கல்வித் தொழில்நுட்பம், இன்னொன்று திட்டமிடலும் மேலாண்மையும். கருவியும் தலைமையும் ஒரே கூரையின் கீழ் வந்தது இதுவே முதல்முறை. கோவை மாவட்டத்துக்கான நிறுவனம் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே திருமூர்த்தி நகரில், அணைக்கட்டின் அடிவாரத்தில் அமைந்தது. பல்லடம், திருப்பூர்ப் பக்கத்து ஆசிரியர்கள் இரண்டு பேருந்து மாறிப் போய்ச் சேர வேண்டிய தொலைவு.

2001–02இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம் அந்தத் தொலைவைக் குறைத்தது. ஒன்றியத்துக்கொரு வட்டார வளமையம், அதன் கீழ்க் குறுவளமையங்கள். பல்லடத்திலும் அப்படியே. ஆசிரியர் பயிற்றுநர் என்ற பதவி பிறந்தது. அவர்களில் பலர் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி நேராகவே அந்தப் பணிக்கு வந்தவர்கள். இருபது ஆண்டு சாக்பீஸ் பிடித்தவருக்கு யோசனை சொல்ல வேண்டிய நிலையில் சங்கடப்பட்ட இளைஞர்கள். அவர்களில் எத்தனையோ பேர் பணிவாலும் உழைப்பாலும் அந்தச் சங்கடத்தைக் கடந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த வரலாற்றில் என் மனத்துக்கு நெருக்கமான அத்தியாயம் செயல்வழிக் கற்றல். அதில் மின்சாரமே கிடையாது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆசிரியர்களை ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே கற்றல் அட்டைகளும் கற்றல் ஏணிகளும் வேலை செய்வதைப் பார்த்துத் திரும்பிய ஆசிரியர்கள் தாங்களே அட்டைகள் தயாரித்து 13 பள்ளிகளில் தொடங்கினார்கள். 2007–08இல் அது மாநிலம் முழுதும் விரிந்தது. முதல் 13 பள்ளிகளில் அதைச் சுமந்தவர்கள் செய்துபார்த்தவர்கள். விரிந்தபோது பல இடங்களில் அது சுற்றறிக்கையாகப் போய்ச் சேர்ந்தது. அட்டை ஒன்றுதான், விளைவு ஒன்றல்ல.

கணினியில் தமிழ் எழுதுவதும் இப்படித்தான் கைக்குக் கை பரவியது. வினாத்தாள் அச்சடிக்க ஆசிரியர்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வினாத்தாள் முழுதும் புரியாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். 2010 ஜூன் 23 அன்று, கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. ஆணை வந்ததும் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் எழுத்துரு மாற்றியைக் கண்டுபிடித்து, கைப்பேசியில் தமிழ்த் தட்டச்சை நிறுவிக் கொடுத்து, மற்றவர்களைப் பழக்கினார். அந்த வேலைக்குப் பதவியோ படியோ கிடையாது. "சார், என் போன்லயும் போட்டுக் குடுங்க" என்று கேட்டால் செய்து கொடுப்பார், அவ்வளவுதான்.

2018இல் வந்த புதிய பாடநூல்கள் இப்படிப்பட்டவர்களுக்கு முதல்முறையாக அச்சில் இடம் கொடுத்தன. கணக்கு, அறிவியல் புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' என்ற பக்கத்தைப் பாருங்கள்: படி ஒன்று, படி இரண்டு என்று திரைப்பிடிப்புப் படங்களோடு, ஜியோஜீப்ரா போன்ற இலவச மென்பொருளில் ஒரு சாய்சதுரத்தை இழுத்து மாற்றிப் பார்க்கும் வழி எழுதியிருக்கும். கடைசிப் பக்கத்துக்குப் போனால் 'விரைவுக் குறியீடு மேலாண்மைக் குழு' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஆசிரியர்களின் பெயர்கள், பக்கத்தில் அவர்களின் பள்ளிகள். பல, நகரத்துக்காரர்கள் கேள்விப்பட்டிராத ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள். தொழில்நுட்ப ஆலோசகர் என்பவர் எங்கிருந்து வருகிறார் என்பதற்கு அந்தக் கடைசிப் பக்கம் ஒரு வரலாற்றுச் சான்று.

அதன் பிறகு கருவிகள் வேகமாக வந்தன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி. அதையொட்டி 6,029 அரசு உயர்நிலை, மேனிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள். 2024இல் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன் வகுப்பறைகளும், ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகளும். கூடவே 'எமிஸ்' என்ற கல்வித் தகவல் மேலாண்மை இணையதளமும் வளர்ந்தது. மாணவர் வருகை, எடை உயரம், விலையில்லாப் பொருள், தேர்வு மதிப்பெண் அனைத்தும் அதில் ஏற வேண்டும். பள்ளிக்குப் போய் வகுப்பில் உட்கார வேண்டிய ஆசிரியர் பயிற்றுநரின் நேரம், எந்தப் பள்ளி இன்னும் பதிவேற்றவில்லை என்று தொலைபேசியில் கேட்பதில் கரைந்தது. முதலியார் குழு கழற்றி வைக்கச் சொன்ன நோட்டு, இப்போது திரை வடிவில் திரும்பி வந்திருக்கிறது. பதிவேற்றும் வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து கோருவதை வெறும் பணிச்சுமைப் புகாராகப் பார்ப்பது தவறு. ஆலோசனைக்கான நேரத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

தலைமையாசிரியர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி என்பது புதிய வரவு. 2012இல் தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாகப் பல்கலைக்கழகம் இதற்கெனத் தனி மையம் அமைத்தது. பயிற்சிக் கையேடுகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கும், பழுதானால் யாரைக் கூப்பிடுவது, தயங்கும் மூத்த ஆசிரியருக்கு எந்த இளைய ஆசிரியரைத் துணையாகப் போடுவது என்ற மூன்று முடிவுகளை ஒரு தலைமையாசிரியர் இன்னொரு தலைமையாசிரியரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்.

பல்லடத்தில் அன்று மாலை அந்தக் கருத்தாளர் பலகையை மறுபடி இயக்கினார். மின்சாரம் போய் வந்தால் எந்த இடத்தில் தொட வேண்டும் என்று காட்டினார். பிறகு ஆசிரியையின் கையில் எழுதுகோலைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். முதல் தடவை தவறான இடத்தில் பட்டது. இரண்டாம் தடவை பழைய பக்கம் வந்தது. பேருந்துக்குப் போகாமல் நின்றிருந்த மற்ற நான்கு பேரும் ஒவ்வொருவராக வந்து செய்து பார்த்தார்கள். அந்த ஆசிரியை தன் பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் கருத்தாளரின் கைப்பேசி எண்ணை எழுதிக்கொண்டு, "நாளைக்குக் கூப்பிட்டா எடுப்பீங்களா சார்?" என்றார். "சாயங்காலம் நாலரைக்கு மேல கூப்பிடுங்க டீச்சர், வகுப்பு இருக்குமுங்க" என்றார் அவர்.