பத்து விரல் ஜாதகம்

காலையில் எழுந்ததும் முதல் காரியமாக என்ன செய்கிறீர்கள்? பல் தேய்ப்பதெல்லாம் அப்புறம். தலைமாட்டில் கிடக்கும் செல்போனை எடுத்து அதன்மீது கட்டை விரலை வைக்கிறீர்கள். 'அட, நம்மாளு!' என்று அதுவும் திறந்துகொள்கிறது. ரேஷன் கடைக்குப் போனால் விரல். பத்திர ஆபீசுக்குப் போனால் விரல். ரிட்டயர்டு தாத்தா தான் உயிரோடு இருப்பதை வருஷத்துக்கு ஒருதரம் நிரூபிக்கவும் விரல்.

இந்த வைபவம் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? சீனாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பத்திரங்களில் விரல் பதித்திருக்கிறார்கள். ஆனால் நவீன அரசாங்கம் ஒன்று குடிமக்களின் விரலைப் பிடித்த கதை தொடங்கியது லண்டனில் இல்லை, நியூயார்க்கிலும் இல்லை. வங்காளத்தில், ஜங்கிப்பூர் என்ற ஊரில்.

வருஷம் 1858. சிப்பாய்ப் புரட்சி வெடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வெள்ளைக்காரர்களுக்கு இந்தியர்கள்மீது நம்பிக்கை இல்லை. இந்தியர்களுக்கு வெள்ளைக்காரர்கள்மீது சுத்தமாக இல்லை. அங்கே அதிகாரியாக இருந்தவர் வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல். 25 வயசுப் பையன். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தாரே வில்லியம் ஹெர்ஷல், அவருடைய பேரன். தாத்தா வானத்தை ஆராய்ந்தார். பேரன் சாலை போட்டுக்கொண்டிருந்தார்.

சாலைக்குச் சரளை சப்ளை செய்ய ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம். கோனாய் கையெழுத்துப் போட வந்தபோது ஹெர்ஷலுக்கு ஒரு யோசனை. நாளைக்கே இந்த ஆசாமி, 'இது என் கையெழுத்தே இல்லீங்க' என்று சாதித்துவிட்டால்? ஆபீஸ் முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையை எடுத்து அவருடைய உள்ளங்கையில் தடவி, ஒப்பந்தத்தின் பின்பக்கம் அப்படியே பதித்துக்கொண்டார். விஞ்ஞானமெல்லாம் இல்லை. சும்மா ஒரு மிரட்டல்தான்.

மிரட்டல் பிறகு பொழுதுபோக்கானது. தன் விரல், நண்பர்கள் விரல் என்று வருஷக்கணக்கில் பதித்து வைத்துப் பார்த்ததில் அவருக்கு விஷயம் பிடிபட்டது: வயசானாலும் ரேகை மாறுவதில்லை. 1877-ல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது பத்திரப் பதிவு, பென்ஷன், ஜெயில் மூன்றுக்கும் விரல் ரேகையைக் கொண்டுவந்தார். பென்ஷன்காரர் செத்த பிறகும் வேறு யாரோ வந்து பணம் வாங்கிக்கொண்டு போகிற கூத்துக்கு அது முற்றுப்புள்ளி. நம் தாத்தாவின் உயிர்ச் சான்றுக்கு மூதாதை அதுதான்.

ரேகை ஏன் மாறுவதில்லை? கருவில் மூன்றாம் மாத வாக்கிலேயே தோலின் உள் அடுக்கில் அந்த வரிகள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. ஜீன்கள் பொதுவாக ஒரு டிசைனைத் தருகின்றன. மிச்சத்தைக் கர்ப்பப்பைக்குள் விரல் இருந்த நிலை, அதன்மீது பட்ட அழுத்தம் போன்ற சின்னச் சின்னத் தற்செயல்கள் எழுதுகின்றன. அதனால்தான் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும் இரட்டையருக்குக்கூட ரேகை வேறு வேறு. பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட ஜாதகம், அதுவும் பத்துப் பிரதி!

ஆனால் லட்சம் பேரின் ரேகையை வாங்கி மூட்டை கட்டி வைத்தால் ஆயிற்றா? வேண்டியதைத் தேடி எடுப்பது எப்படி? இங்கேதான் நம்மூர்க் கில்லாடிகள் இருவர் வருகிறார்கள். வங்காள போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியிடம் வேலை பார்த்த அஜிஜுல் ஹக், ஹேமசந்திர போஸ். சுழி எந்தெந்த விரலில் இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டு, பத்து விரல்களையும் 1,024 வகைகளாகப் பிரித்தார்கள். 32-க்கு 32 என்று புறாக்கூண்டு மாதிரி அறைகள். எந்த ரேகைச் சீட்டு எந்த அறையில் கிடக்கும் என்று கணக்கே சொல்லிவிடும். 1897-ல் கல்கத்தாவில் உலகின் முதல் விரல் ரேகைப் பிரிவு உருவானது. 1901-ல் ஸ்காட்லாந்து யார்டு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. முறைக்கு வைத்த பெயர்? 'ஹென்றி முறை'. கணக்குப் போட்டவர்களுக்குப் பட்டம், பணம். புகழ் முழுக்க துரைக்கு.

சரி, திருடனைப் பிடிக்க ஒரு கருவி கிடைத்தது. நல்லதுதானே? நல்லதுதான். வம்பு அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் அரசாங்கம் 1907-ல் ஒரு சட்டம் போட்டது. ஆசியர்கள் எல்லோரும் பதிவு செய்துகொண்டு, விரல் ரேகை கொடுத்து, சான்றிதழை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். அங்கே வக்கீலாக இருந்த காந்தி, ஹென்றி எழுதிய புத்தகத்தைப் படித்துப் பார்த்தார். சட்டப்படி ரேகை கேட்பது குற்றவாளிகளிடம் மட்டும்தான் என்று அவருக்குப் புரிந்தது. அப்படியானால் நாங்கள் அத்தனை பேரும் குற்றவாளிகளா? சத்தியாக்கிரகம் தன் முதல் எதிரியைக் கண்டுகொண்டது.

1908 தொடக்கத்தில் ஒரு சமரசம். கட்டாயத்தின் பேரில் இல்லாமல், இந்தியர்கள் தாமாக முன்வந்து பதிவு செய்தால் சட்டத்தை ரத்து செய்துவிடலாம். அப்படித்தான் காந்தி புரிந்துகொண்டார். பிப்ரவரி 10-ம் தேதி, தம்பி நாயுடு போன்றவர்களோடு பதிவு ஆபீசுக்குக் கிளம்பினார். வழியில் மீர் ஆலம் என்ற பட்டாணியர் மறித்துத் தடியால் அடித்துப் போட்டார். 'ரேகை கொடுக்கக் கூடாது என்று சொன்ன நீயே கொடுக்கப் போகிறாயா?' என்பது அவர் கோபம். ரத்தக் காயத்தோடு படுத்திருந்த காந்தி, அதிகாரியைப் படுக்கைக்கே வரவழைத்து ரேகை பதித்தார். அரசாங்கம் சட்டத்தை ரத்து செய்யவில்லை. ஆகஸ்ட் 16, ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி மைதானத்தில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான சான்றிதழ்கள் எரிந்தன.

கவனித்தீர்களா? காந்திக்கு மையும் விரலும் பிரச்னையே இல்லை. தானாகக் கொடுப்பது வேறு, பிடித்து வாங்குவது வேறு. அவ்வளவுதான்.

அந்த வேறுபாட்டுக்கு நம் மண்ணில் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். 1911-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறிப்பிட்ட சில சாதிகளில் பிறந்தாலே போதும், போலீஸில் பெயரும் ரேகையும் பதிய வேண்டும். இரவில் சொன்ன இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். மதுரைப் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் இதற்கு வைத்த பெயரே 'ரேகைச் சட்டம்'. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க முடியாது என்றார்கள். 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 15-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். விரலில் மை தடவ மறுத்ததற்கு!

இப்போது நம் காலத்துக்கு வாருங்கள். 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தேம்ப்ளி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. பத்து விரல்கள், இரண்டு கருவிழிகள். 2012-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 86 வயதில், உச்ச நீதிமன்றப் படியேறிக் கேள்வி கேட்டார். அரசுத் தரப்பு, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே இல்லை என்று வாதிட்டது. 1954-லும் 1962-லும் வந்த பழைய தீர்ப்புகள் அதற்குக் கைகொடுத்தன. 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமைதான். மறு வருஷம் ஆதாரையும் பெரும்பான்மைத் தீர்ப்பில் ஏற்றார்கள், தனியார் கம்பெனிகள் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்பது போன்ற கத்தரிப்புகளோடு. பெரியவர் புட்டசாமி 2024-ல், 98 வயதில் காலமானார்.

செல்போனில் வைக்கிற விரலுக்கும் மற்ற இடங்களில் வைக்கிற விரலுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பொதுவாக போன் உங்கள் ரேகையைக் கணக்குக் குறியீடாக மாற்றி, தனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கிறது. போன் உங்கள் பையில். மற்ற ரேகைகள் எங்கோ ஓர் அலுவலகத்தில், யாரோ ஒருவர் பொறுப்பில். 2023 வாக்கில் சில மாநிலங்களில் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை எடுத்து, செயற்கை விரல் அச்சு செய்து, வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை உருவிவிட்டார்கள் கில்லாடித் திருடர்கள். பத்திர மோசடியைத் தடுக்க ஹெர்ஷல் கொண்டுவந்த அதே ரேகை!

பாஸ்வேர்டு களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை?

ஆகவே அடுத்த முறை யாராவது ஒரு சின்னக் கருவியை நீட்டி, 'விரலை வைங்க சார்' என்றால் உடனே வைத்துவிடாதீர்கள். 'எதுக்குப்பா? எங்கே வெச்சுப்பீங்க?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பின்னால் நிற்கிற வரிசை முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும். இதைக் கேட்டதற்காகப் பெருங்காமநல்லூரில் துப்பாக்கியை நீட்டினார்கள். உங்களுக்கு அதிகபட்சம் ஒரு முறைப்புதான் கிடைக்கும்.