டேனியல் ஓவியங்களில் மதுரை அரண்மனை: தலைப்பும் மொழிபெயர்ப்பும்

தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தாரின் மகன் வில்லியம் டேனியலும் 1792ஆம் ஆண்டு தென்னாட்டில் பயணம் செய்து, மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையை வரைந்தனர். அவ்வோவியங்கள் 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக, 144 படங்களுடன் வெளிவந்த ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பில் இடம்பெற்றன.

இவற்றைத் தமிழில் அறிமுகம் செய்வோர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் கலைச்சொல் பற்றியது. ‘அக்குவாடின்ட்’ என்னும் பெயரில் நீரைக் குறிக்கும் சொல் இருப்பினும், அது நீர்வண்ண ஓவியம் அன்று. செப்புத் தகட்டில் பிசின்தூள் படியவைத்து அமிலத்தால் அரித்து அச்சிடும் முறையாகும். நேரில் தீட்டிய நீர்வண்ணத்தையும் பின்னர் இலண்டனில் வெளியிட்ட அச்சையும் ஒரே சொல்லாற் சுட்டினால் மூலமும் படியும் மயங்கும்.

இரண்டாவது, இடப்பெயர் பற்றியது. தூண்வரிசை சூழ்ந்த அரண்மனை வெளியை ‘முன்றில்’ எனல் பொருந்தாது. ‘இல்முன்’ என்பது முன்பின்னாக மாறி றகரம் பெற்றமைந்த அச்சொல் வீட்டின் முன்னிடத்தையே குறிக்கும். தொல்காப்பிய எழுத்ததிகாரம் இதன் புணர்ச்சியைக் கூறுகிறது. உள்வெளிக்கு ‘முற்றம்’ ஏற்கும். மலையாளத்தில் நாலுகெட்டு வீட்டின் உள்வெளியை ‘நடுமுற்றம்’ என வழங்குவதும் இதற்கு அரண் செய்யும்.

மூன்றாவதே முதன்மையானது. ஒரு படத்தின் ஆங்கிலத் தலைப்பு, மதுரை அரண்மனையின் ‘ரூயின்ஸ்’ என்பதாகும். சிதைந்த கட்டடத்தில் அழகு காண்பது அக்கால ஐரோப்பியச் சுவை. தமிழில் ‘பாழ்’ என்றால் ஆளற்ற வெறுமை தோன்றும். ‘இடிபாடு’ நெருங்கிய சொல்லே. எனினும் அது வினைமுதலை மறைத்துவிடுகிறது. தமிழ் வினையோ ‘இடிந்தது’, ‘இடித்தார்’ எனத் தன்வினை பிறவினைகளைப் பிரித்துக் காட்டும். திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் (1659–1682) அரண்மனையின் பகுதிகளைப் பிரித்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுசென்றார் என்பர் வரலாற்றாசிரியர். எனவே சிதைவு முழுவதும் காலத்தின் செயல் அன்று. எஞ்சிய பகுதி, நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராயிருந்த காலத்தில் (1866–1872) சீரமைக்கப்பெற்றது.

ஆகவே தலைப்பை ‘இடிபாடு’ எனப் பெயர்த்து, இடித்தவர் யார் என்பதைக் குறிப்பில் தருதலே முறையாகும். இன்றேல் ஓவியரின் சுவை வரலாற்றின் இடத்தைப் பற்றிக்கொள்ளும்.