திரையில் மட்டும் வாழ்ந்த அரசன்

முடியாட்சிக் காலத்துக் குடிமக்களுள் பெரும்பாலோர் தம் அரசனை நேரிற் கண்டதில்லை. காசில் பொறித்த தலையையும், முரசறைவோன் கூறிய ஆணையையும், வரி கேட்டு வந்த அலுவலனையும் கொண்டே அரசன் ஒருவன் உளன் என்று அவர்கள் அறிந்தனர். கண்ணாற் காணாத ஒருவனுக்கு இலட்சக்கணக்கானோர் ஏன் கீழ்ப்படிகின்றனர்? வரலாறு பயில்வோர் எவரும் தவிர்க்கவியலாத வினா இது. இவ்வினாவுக்குத் தமிழில் எழுந்த கூரிய விடைகளுள் ஒன்று வரலாற்று நூலில் இல்லை. அறிவியற் கற்பனைக் கதையொன்றில் உள்ளது.

'என் இனிய இயந்திரா' என்னும் அப்புதினத்தை எழுதியவர் சுஜாதா. எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயருடைய இவர் 1935இல் பிறந்து 2008இல் மறைந்தார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியபோது, இந்தியத் தேர்தல்களுக்கான மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் முயற்சியில் பங்கு கொண்டவர். மக்களாட்சிக்குக் கருவி செய்த அதே கை, மக்களாட்சி மாண்டுபோன நாடொன்றையும் எழுதியது. 1980களில் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்த அக்கதை, பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் உருப்பெற்றது.

கதை 2020களின் இந்தியாவில் நிகழ்வது. ஜீவா என்பவரே நாட்டின் தலைவர். எவர் பெயரும் இரண்டெழுத்துக்கு மேற்படலாகாது என்பது சட்டம். ஆகவே நிலா, சிபி, ரவி, மனோ என்றே மாந்தர் அழைக்கப்படுகின்றனர். குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி திடீரெனக் காணாமற்போகிறான். அவளுக்குத் துணையாவது ஜீனோ என்னும் இயந்திர நாய். நூல் படிக்கவும், நயம்படப் பேசவும், மனிதர் கேட்க அஞ்சும் வினாக்களைக் கேட்கவும் அஃது அறியும். இறுதியில் வெளிப்படும் உண்மையே கதையின் உயிர். ஜீவா என்றொரு மனிதர் இல்லவே இல்லை. மக்கள் வணங்கியது ஒளியால் புனைந்த வெறும் உருவத்தையே. அவ்வுருவம் கலைந்தபின்பும் விடுதலை வரவில்லை. அதைக் கலைத்தவர்களே நிலாவைப் பொம்மையரசியாக அமர்த்தித் திரைக்குப் பின்னே ஆளத் தொடங்குகின்றனர்.

ஆள்வோரை நேரடியாகச் சாடுதல் இடர் தரும்போது, எழுத்தாளர் காலத்தை மாற்றிக்கொள்வது உலக வழக்கம். ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட புதினம் 1984ஆம் ஆண்டைக் களமாகக் கொண்டது. 1954இல் பி.பி.சி. அதனைத் தொலைக்காட்சி நாடகமாக்கியபோது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே சலசலப்பு எழுந்தது. தமிழில் சோ மற்றொரு வழியை நாடினார். 1968இல் மேடையேறி 1971இல் திரைப்படமான அவரது 'முகமது பின் துக்ளக்', பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தான் இக்காலத்தில் உயிரோடு எழுந்து வந்து இந்தியாவின் தலைமை அமைச்சராவதைக் காட்டி நகைத்தது. ஒருவர் கடந்த காலத்தை நிகழ்காலத்துக்கு அழைத்துவந்தார். மற்றவர் நிகழ்காலத்தை எதிர்காலத்துக்கு அனுப்பிவைத்தார். இருவர் ஏந்திய கண்ணாடியிலும் தெரிந்தது நிகழ்கால முகமே.

சுஜாதாவின் வாசகர்க்கு அம்முகம் புதியதன்று. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நிலவிய நெருக்கடி நிலையில் இதழ்கள் தணிக்கைக்குள்ளானதையும், கட்டாயக் கருத்தடை நடந்தேறியதையும் அவர்கள் அறிவர். ஆதலின், குழந்தைக்கு அரசின் அனுமதி வேண்டும் என்ற கற்பனை அவர்களுக்கு வெறும் கற்பனையாகத் தோன்றியிராது. இதனினும் பெரிய முரண் ஒன்றுண்டு. 1997இல் பிரசார் பாரதி அமையும் வரை தூர்தர்ஷன் அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருந்தது. வெறும் உருவமாக நின்று ஆளும் தலைவனின் கதையை, அரசின் திரையே இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது.

இக்கதையைப் பேராக் மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழர் படிக்குங்கால், வேறொரு வரலாறு நினைவில் எழுவது இயல்பு. பழைய ஸ்டெர்லிங் கம்பெனித் தோட்டங்களின் உடைமையாளரைப் பால்வெட்டுத் தொழிலாளி கண்டதில்லை. அவர்கள் இலண்டனில் இருந்தனர். ஆணை துரைக்கு வரும். துரையிடமிருந்து கிராணிக்கும், கிராணியிடமிருந்து கங்காணிக்கும் இறங்கும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் தொழிலாளியின் காதில் விழும். பெயர்களின் கதியும் அத்தகையதே. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அவ்வாண்டே அடையாள அட்டையும் வந்தது. ஒருவர் இன்னார் என்பதை அவர் வாய்மொழியன்றி, அட்டையே உறுதிசெய்யும் காலம் பிறந்தது. பெயரெழுத்தில் நேர்ந்த ஒரு பிழையும், தொலைந்துபோன ஒரு பிறப்புப் பத்திரமும் குடியுரிமையையே ஐயத்துக்குள்ளாக்கும் என்பதைத் தோட்டக் குடும்பங்கள் பட்டறிந்தன.

காணாத முதலாளிக்குக் கீழ்ப்படியும் வழக்கம் எவ்வளவு ஆழ வேரூன்றியிருந்தது என்பதற்கு 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம் சான்று. அத்தொழிலாளர் கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரைமாரைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கோரினர். அதிகாரம் துரையின் கையில் மட்டும் இல்லை, தம் கால்கள் தாமாக இறங்குவதிலும் இருக்கிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. வெல்லவொண்ணாதது எனக் கருதப்பட்ட பேரரசின் உருவம் சில வாரங்களிற் கலைந்தது. ஆயினும் விடுதலை வரவில்லை. புதிய ஆண்டைகள் தோட்டத் தமிழரைத் திரளாகச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். ஜீவா மறைந்தபின் நிலாவுக்கு நேர்ந்ததும் இதுவன்றோ!

பிற்கால வரலாறும் இப்பாடத்தையே மீட்டும் கூறுகிறது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு மாறியது. நாட்டுக்கு அது பெருமிதமான நாள். எனினும், மறுநாள் விடியலிலும் பெரட்டுக் களத்தில் அதே குரலே ஒலித்தது. லயத்து வீடும் அதே வீடாகவே இருந்தது. இதற்கு மாறான முயற்சி ஒன்றும் இம்மண்ணில் நிகழ்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்கினர். காணாத முதலாளியின் இடத்தில் மற்றொரு காணாத முதலாளியை அமர்த்தாமல், உழைத்தவர் தாமே அமர முயன்ற நிகழ்ச்சி அது.

2018இல் மறைந்த கலைஞர் மு. கருணாநிதி, 2024 ஜனவரியில் தமிழகத்து நூல் வெளியீட்டு விழாவொன்றில் செயற்கை நுண்ணறிவின் துணையால் திரையில் தோன்றி உரையாற்றினார். அன்பர்கள் அதனை மரியாதையாகவே செய்தனர். ஆனால் அக்கருவி எவர் கைக்கும் எட்டக்கூடியது. திரையில் பேசும் உருவம் யாருடையது, அதனைப் பேசவைப்பவர் யார், அவர் எவருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் மூன்று வினாக்களை இன்றைய மாணவர் தயங்காது கேட்கப் பயில வேண்டும். கதையில் அவ்வினாக்களைக் கேட்கும் துணிவு ஓர் இயந்திர நாய்க்கு வாய்த்திருந்தது. மனிதருக்கு வாய்க்காமற் போவதற்குக் காரணம் யாதும் இல்லை.